இருபத்தைந்து மணித்தியாலங்களுக்குள்

பதினொரு பக்கம் அந்த ஆணை.
அடுத்த இருபத்தைந்து பறப்பு மணித்தியாலங்களுக்குள்
ஒயில் வடிகட்டியைத் திறந்து பார்,
காந்தச் செருகியைக் கழற்றிப் பார்,
கண்டதை எழுது.
‘விரும்பினால்’ என்றொரு சொல்லைத் தேடினேன்.
இல்லை.

ஜெட் மட்டக்களப்பு ஓடுபாதையின் ஓரம் நிற்கிறது,
மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டு.
கணக்கில் மிச்சம் முப்பத்தெட்டு நிமிடம்.
இரத்மலானைக்கு நாற்பத்தொன்று வேணும்.
“மூன்று நிமிசம்தானே, யார் எண்ணப்போறது?”
என்றார் கப்டன் வீரக்கொடி.
நான்தான், என்றேன்.
அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

உதவிக்கு மஃறூப். ஏறாவூரிலிருந்து
மோட்டார் சைக்கிளில் வருவார்.
வாசலில் உள்ள உலோகச் சோதனைச் சட்டம்
அவரைக் கண்டால் கத்தும். தினமும்.
காவலில் நிற்கும் நிஸ்ஸங்க
போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை:
“யன்ன, யன்ன.”
தோளெலும்புக்குக் கீழே இரண்டு,
நெல்மணி அளவு, தொண்ணூறாம் ஆண்டிலிருந்து.
போன மாசி மாதம் ஸ்கேன் எடுக்கப் போனவரை
ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள்,
அந்த மெசின் பெரிய காந்தமாம்.
யார் வெடிக்க வைத்ததென்று
அவர் சொன்னதில்லை.
நான் கேட்டதில்லை. இங்கே அது ஒரு மரியாதை.

எஞ்சின் மூடியைத் திறந்தோம்.
இறக்கிவைத்த சோற்றுப்பானைபோல
உள்ளே இன்னும் சூடு.
பூட்டுக்கம்பியை வெட்டினேன், துண்டுகளை எண்ணினேன்,
பேணிக்குள் போட்டு
மறுபடி எண்ணினேன்.
ஒன்று குறைந்தால் அதுவே புது வியாதி.

காந்தச் செருகி சுண்டுவிரல் பருமன்.
நுனியில் சாம்பல் பூச்சு, கண்மை மாதிரி.
அது இருக்கலாம்.
ஓடுகிற எதுவும் கொஞ்சம் தேயும்,
ஆணையே ஒத்துக்கொள்கிறது, ஆறாம் பந்தியில்.
வெள்ளைத் துணியில் துடைத்து
வெயிலுக்குப் பிடித்தேன்.

மினுங்கியது.

“மணலைச் செதில்ட ஓரம் மாதிரிக் கிடக்கு”
என்றார் மஃறூப்.
ஒன்று தசம் நாலு மில்லிமீற்றர்.
விடப்பட்ட எல்லை ஒன்று.
இரண்டாம் தரம் அளந்தேன்.
மூன்றாம் தரம் அளந்தது
பிழையாக வரட்டும் என்ற ஆசையில்;
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உரிமையாளர் கல்லடி ஹோட்டலிலிருந்து போனில் கத்தினார்:
“ஒரு மயிர்த்துண்டுக்காகவா?”
மயிர் என்றால்
காந்தம் பிடித்திருக்காது, ஐயா.

கப்டன் ஒன்றும் பேசவில்லை.
துணியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.
பிறகு தன் பையை எடுத்துவர
விமானத்துக்குள் ஏறிப்போனார்.

மஃறூப் செருகியைக் கையில் எடுத்தார்,
சட்டைக்கு மேலால் தோளில் வைத்தார்.
“என்னயும் பிடிக்குதா பாப்பமே.”
கையை விட்டார். அது விழுந்தது.
நான் பிடித்துக்கொண்டேன்.
“இதுக்குப் பெலன் காணாது புள்ள”
என்று சிரித்தார்.
வாவிப் பக்கத்துக் காற்றில் துணி பறக்கப் பார்த்தது,
அதன் மேல் ஸ்பனரை வைத்தேன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை
அவர் கவனித்திருக்கக் கூடாது.

சக்கரத்தடியில் கட்டை.
எஞ்சின் வாயில் சிவப்பு மூடி.
கதவில் தொங்கும் தாளில் என் கையெழுத்து:
ச. பிரபாலினி, திகதி, நேரம்,
பறக்கத் தகுதியற்றது.
‘உலோகத்தின் மூலம்’ என்ற கட்டத்தில்
‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.
பேரிங்காக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
கொழும்பில் சொல்வார்கள்.

பறக்க முடியாததன் இரத்தம்
ரயிலில்தான் போகவேண்டும்.
செதில் ஒரு சின்னப் பையில்,
ஒயில் ஒரு போத்தலில்,
இரண்டும் மஃறூப்பின் சோற்றுப் பைக்குள்.
இரவு ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது.
ஆனாலும் அவர் அவசரப்பட்டார்,
வலையிறவுப் பாலத்தில்
இந்நேரம் மாடுகள் நிற்கும்.

வாசலில் சட்டம் கத்தியது.
நிஸ்ஸங்க அன்றுதான் தலையைத் தூக்கினான்,
பையைக் காட்டிக் கேட்டான்,
“அது என்ன?”

“ஒயில்” என்றார் மஃறூப்.
“உள்ளுக்க இரும்பு கிடக்காம்.”